ஒரு நிமிஷம் பன்னெண்டாவது செகண்டு

ஜன்னல் சீட்ட விட்டுக் குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றிக்கா. வாந்தி எடுக்கப் போற மூஞ்சினு பாத்ததும் கண்டுபிடிச்சிட்டீங்க போல. ஆனா எனக்கு பஸ் ஒத்துக்காமல்லாம் இல்ல. இது பயம். பயம் வந்தா சில பேருக்குக் கை நடுங்கும், எனக்கு வயிறு பிரட்டும்.

தண்ணி வேணாங்க்கா. குடிச்சா அப்படியே வந்துரும்.

மணி என்ன? பத்தே காலா? பதினொன்றரைக்குள்ள போயிரும்ல இந்த வண்டி? கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன். "ஏம்மா, நீ போய்த்தான் தாலி எடுத்துக் குடுக்கணுமா"ன்றாரு. மூணாவது தடவ கேட்டா எறக்கி விட்டுருவாரு.

பேசிட்டே வந்தா வாந்தி வராது. பேசவா? யார்கிட்டயும் சொல்லக்கூடாத விஷயந்தான். ஆனா நீங்க யாரோ நான் யாரோ, எறங்குனா முடிஞ்சுது. பேரு, ஊரு எதுவும் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு அறிவு இருக்கு எனக்கு.

என் பேரு சொல்லலாம், தப்பில்ல. ஜெர்லின். பதினெட்டு வயசு. பிளஸ் டூவ முடிக்கல. படிப்பு வரலன்னு நெனைக்காதீங்க, பொய் வரல. எங்க ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தாங்க. அந்த சார் என்னைப் பாத்து, "தினமும் லேபுக்குப் போறீங்களாம்மா"ன்னாரு. "லேப்ல ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டர் நிக்குது சார்"ன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னை அங்க நிம்மதியா உக்கார விடல, நானும் போகல. எங்கம்மா இன்னிக்கும் கேக்கும், "ஆமா சார்னு ஒரு வார்த்த சொன்னா உன் நாக்கு அழுகிருமா"ன்னு.

இப்ப ஒரு ஸ்டுடியோல இருக்கேன். திண்டுக்கல்ல, டயர் கடைக்கு மேல மாடி. பெஸ்கி அண்ணனோடது. சர்ச் பாட்டு, அம்மன் பாட்டு, கட்சிப் பாட்டு, காதுகுத்துப் பாட்டு, எது வந்தாலும் பண்ணுவோம். மிக்சிங் நான்தான். எடுபிடி வேலைன்னு நெனைச்சிடாதீங்க. பெஸ்கி அண்ணனுக்கு வலது காது சுத்தமா கேக்காது. அது யாருக்கும் தெரியாது, வெளிய சொல்லிடாதீங்க. அவரு பேரு கார்டுல இருக்கும், வேலை என்னுது. "உன் காதுக்குக் கோயில் கட்டலாம்டி, வாய்க்குத்தான் ஃபேடரே இல்ல"ம்பாரு. ஃபேடர்னா சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற தள்ளுகட்ட. என் வாய்க்கு அது இல்லையாம். இருக்கட்டும்.

நீங்க எங்க போறீங்கன்னுகூட நான் கேக்கல பாருங்க. பட்டுச் சேல, பை நெறைய தேங்காய் பழம். ஏதோ விசேஷம். சரி விடுங்க, கதைய கேளுங்க.

ஒரு சேம்பர்காரர். சேம்பர்னா செங்கச் சூளை, ரெண்டு மூணு இடத்துல ஓடுது. பேரு வேணாம். அவரு பேரனுக்குக் காதுகுத்து. அதுக்கு ஒரு என்ட்ரி பாட்டு வேணும்னு வந்தாரு. பேரனுக்குப் பாட்டுன்னு பேரு, பாட்டு பூராவும் அவரு பெருமதான். மண்டபத்துக்குள்ள அவரு பேரனத் தூக்கிட்டு நடந்து வரும்போது அந்தப் பாட்டு ஓடணும். வெடி போடணும். வீடியோகாரன் மேலேர்ந்து எடுக்கணும்.

"பாப்பா, அடி நெஞ்சுல விழணும்"னாரு என்கிட்ட. "எங்க ஊர்ல பஸ் ஸ்டாப்ல நிக்கிறவனுக்குக் கேக்கணும். நெஞ்சப் புடிச்சிட்டு உக்காரணும்."

ட்ரம்ஸ் வாசிச்சவன் நம்ம லெனின்.

பேர சொல்லிட்டேனா? சரி, லெனின்னு ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. நல்லவன்கா. அவன் வாசிச்சா நாற்காலி கூட ஆடும். ஆனா அவரு கேட்ட மாதிரி அடி விழணும்னா வாசிச்சா மட்டும் பத்தாது, மிக்ஸ்ல ஒரு வேலை பண்ணணும். பேரல்லல் கம்ப்ரஷன்னு சொல்வாங்க. பயப்படாதீங்க, சுலபம். ட்ரம்ஸ ரெண்டு காப்பி எடுத்துக்கணும். ஒண்ண அப்படியே தொடாம விட்டுரணும். இன்னொண்ண நசுக்கணும். நல்லா, ஈவு எரக்கம் இல்லாம நசுக்கணும். நசுக்கறதுன்னா பெரிய சத்தத்த எல்லாம் தலையில தட்டி உக்கார வெக்கறது. பெருசு உக்காந்தா என்ன ஆகும்? அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த சின்னச் சத்தமெல்லாம் மேல வந்துரும். தோல் அதிர்றது, ரூம் செவுத்துல பட்டு வர்ற எதிரொலி, எல்லாம். அப்புறம் அந்த நசுக்குனத, நல்லா இருக்கற காப்பிக்கு அடியில கொஞ்சமா கலந்து விடணும். கேக்கறவனுக்கு ஒண்ணு தனியா இருக்குன்னே தெரியாது. ஆனா அடி நெஞ்சுல விழும்.

கொஞ்சமா. அதுதான் முக்கியம். கொஞ்சமா.

அந்த நசுக்கல்தான்க்கா இப்ப ரெண்டு பேரக் கொல்லப் போகுது. மூணு பேரு. என்னையும் சேத்துக்கோங்க.

சிரிக்கல நான். உண்மையாத்தான் சொல்றேன்.

ரெக்கார்டிங்குக்கு அவரு மகளும் வந்துச்சு. பாட்டு நடுவுல ஒரு பொண்ணு குரல்ல, "எங்க ராசா வாராரு, வழிய விடுங்க"ன்னு ரெண்டு வரி பேசணும். வெளி ஆள் வேணாம், என் பொண்ணே பேசட்டும்னு கூட்டிட்டு வந்தாரு. காலேஜ் முடிச்சிட்டு வீட்ல இருக்கற பொண்ணு. என்கிட்ட நல்லாப் பேசும். "இந்த வரிய பேசறதுக்கே கூச்சமா இருக்கு ஜெர்லின், எங்கப்பா என்ன யானையா, வழிய விடறதுக்கு"ன்னுச்சு மைக்குல. அத அழிக்காம வெச்சிருக்கேன். மூணு தடவ வந்துச்சு ஸ்டுடியோவுக்கு. நான் மக்கு, ஒரு தடவகூட எதையும் கவனிக்கல. அதுக்கு முன்னாடி காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல லெனின் வாசிச்சிருக்கான், அங்கேர்ந்தே பழக்கமாம். இன்னிக்குக் காலைலதான் பெஸ்கி அண்ணன் சொன்னாரு. அவருக்கு ஒரு காதுலயே அம்புட்டும் கேட்டிருக்கு.

லெனின் தெரு வேற. உங்களுக்குச் சொல்லவா வேணும். லெனின் வீட்டு ஆளுங்க தொட்ட டம்ளரு சேம்பர்காரர் வீட்டுக்கு ஆகாது. அவங்க கைப்பட்ட ட்ரம்ஸ் மட்டும் ஆகும், நெஞ்சுல விழணுமாம்.

இருங்க. மிக்சிங் அன்னிக்கு நடந்தத சொல்றேன், அப்பத்தான் ஏன் பயப்படறேன்னு புரியும். பாட்டுல ஒரு வரி வரும். "மானத்துக்கு ஒண்ணுன்னா மலை கூட வழி விடும்"னு. சேம்பர்காரர் எனக்குப் பின்னாடி நாற்காலில உக்காந்து டீ குடிச்சிட்டே, "அது சும்மா எழுதுன வரி இல்ல பாப்பா"ன்னாரு. நான் திரும்பல, வேலை பாத்துட்டு இருந்தேன். அவராச் சொல்றாரு. "எனக்கு ஒரே தங்கச்சி. அவ மக ஒரு பயலோட போயிட்டா. ஒரு வாரத்துல கூட்டியாந்துட்டேன். வந்து ரெண்டாம் நாள் கெணத்துல விழுந்துட்டா. அவளா விழுந்தா. கேஸ் கூட கெடையாது." சொல்லிட்டு டீய உறிஞ்சுறாரு. சர்ருன்னு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. "அந்த வரி மட்டும் நல்லாக் கேக்கணும்"னாரு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? பொய் சொல்லல, நடந்தத சொல்றேன். அந்த வரியோட சத்தத்த ரெண்டு டிபி ஏத்துனேன், ரெண்டு புள்ளி மாதிரி. கஸ்டமர் கேட்டாரு, ஏத்துனேன். கை தானா போச்சு.

என்னக்கா, கண்ணுல தூசி விழுந்துருச்சா? ஜன்னல சாத்தவா? ஊதி விடட்டுமா? சரி, சரி. தொடைக்காதீங்க, தேய்ச்சா செவந்துரும்.

இப்பத்தான் என் தப்பு வருது. எங்க கம்ப்யூட்டர் பழசு. ரெக்கார்டிங்க ஸ்டாப் பண்ணா அஞ்சு நிமிஷம் தொங்கும். அதனால நான் ஸ்டாப் பண்ணவே மாட்டேன், ஓட விட்டுருவேன். அப்புறம் வேணாங்கறத வெட்டிக்கலாம்ல. அன்னிக்கு ட்ரம்ஸ் எடுத்து முடிச்சதும் சேம்பர்காரர் ஃபோன் பேசக் கீழ போனாரு. நான் பாத்ரூம் போனேன், அதுவும் கீழதான். மேல லெனினும் அந்தப் பொண்ணும் மட்டுந்தான். கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. மைக் எல்லாம் தொறந்து கெடக்கு.

ஒரு வாரம் கழிச்சு வெட்டும்போது பாக்கறேன், கடைசில லெனின் தனியா எதையோ வாசிச்சிருக்கான். சிம்பல்ல, அந்தப் பித்தளத் தட்டுல, பஞ்சு சுத்துன குச்சில மெதுவா உருட்டறான். ஷ்ஷ்ஷ்னு மழை தூரத்துல வர்ற மாதிரி. இம்புட்டு அழகா யாரும் கேக்காதப்ப வாசிச்சிருக்கானேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். பாட்டுல ஒரு எடத்துல எல்லாமே நின்னு, எட்டு செகண்டு அமைதி வந்து, அப்புறம் சேம்பர்காரர் பேரு வரும். அந்த அமைதி எனக்கு மொட்டையா இருந்துச்சு. இந்த சிம்பல வெட்டி அங்க ஒட்டுனேன். ஒரு நிமிஷம் பன்னெண்டாவது செகண்டு. அவ்வளவு பொருத்தமா உக்காந்துச்சு. எனக்கு நானே கை தட்டிக்கிட்டேன்.

அவன் ஏன் வாசிச்சான்னு யோசிக்கல பாருங்க. ஒரு பேச்ச மறைக்கத்தான் வாசிச்சிருக்கான்.

என்ன, வண்டி நின்னுருச்சு? கேட் போட்டுட்டானா. ரயில் வர்ற நேரமா இது. எஞ்சின வேற ஆஃப் பண்ணிட்டாரு டிரைவரு.

அய்யோ. என் குரலு பஸ் பூரா கேக்குதுக்கா. முன் சீட்டு தாத்தா திரும்பிப் பாக்குறாரு. இவ்வளவு நேரம் எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் தெரியல. பாத்தீங்களா, இதான் நான் சொன்னது. பெரிய சத்தம் உக்காந்துச்சுன்னா குசுகுசு எல்லாம் மேல வந்துரும். கிட்ட வாங்க, காதுல சொல்றேன்.

போன புதன்கிழமை சேம்பர்காரர் வந்து கேட்டாரு. "அடி பத்தல"ன்னாரு. ஏத்துனேன். "இன்னும்"னாரு. ஏத்துனேன். நசுக்குன காப்பிய கொஞ்சமா கலக்கணும்னு சொன்னேன்ல? அசலுக்குச் சமமா கொண்டு வந்துட்டேன். அவரு நெஞ்சுல கைய வெச்சு, "இப்ப விழுது"ன்னாரு. வெள்ளிக்கிழமை அவரு மேஸ்திரி வந்து பென் ட்ரைவ்ல வாங்கிட்டுப் போனாரு. நான் முழுசா ஒரு தடவ போட்டுக் கேக்கல. கேட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. முந்நூறு தடவ கேட்ட பாட்டுக்கா, காது செத்துப் போயிரும். மேல ஃபேன் வேற கடகடன்னு ஓடும்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. காலைல பூசைக்கு நடந்து போறேன். நம்ம வேலைய நாமளே ஒரு தடவ ரசிப்போம்னு காதுல இயர்ஃபோன மாட்டி அந்தப் பாட்ட போட்டேன். நாதஸ்வரம் வருது. ட்ரம்ஸ் வருது, நெஞ்சுல விழுது. ஒரு நிமிஷம் பன்னெண்டு. எல்லாம் நிக்குது. ஷ்ஷ்ஷ்.

அந்த ஷ்ஷ்ஷ்க்குள்ள, காதுக்குள்ள வந்து சொல்ற மாதிரி, லெனின் குரலு. "மோனி, இந்தப் பாட்டு போடறப்ப பின்வாசலுக்கு வந்துரு. பைக்ல நிப்பேன்."

அப்புறம் அந்தப் பொண்ணு குரலு. "பயமா இருக்கு லெனின்."

அப்புறம் டமார்னு அவங்கப்பா பேரு.

ரோட்டுலயே உக்காந்துட்டேன்கா. ஒரு சைக்கிள்காரர் எறங்கி வந்து, என்னம்மா மயக்கமான்னாரு.

புரியுதா உங்களுக்கு? எல்லாரும் முன்வாசல்ல அவரு நடந்து வர்றதப் பாத்துட்டு இருப்பாங்க, வெடி வெடிக்கும், அந்த நேரம் பின்னாடி போயிரலாம்னு அதுங்க திட்டம் போட்டிருக்குங்க. நல்ல திட்டந்தான். ஆனா அந்தத் திட்டத்த அந்தப் பாட்டுலயே நான் ஒட்டி வெச்சிருக்கேன். அந்த எட்டு செகண்டுல வேற சத்தமே கெடையாது. ஆளுயர ஸ்பீக்கர் எட்டு வெச்சிருக்காங்களாம். ஊர் பூரா கேக்கும். அவரும் நின்னு கேப்பாரு.

லெனினுக்கு ஃபோன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பொண்ணு நம்பர் என்கிட்ட இல்ல. மேஸ்திரிக்குப் போட்டு, பாட்டுல கோளாறு, வேற அனுப்பறேன்னேன். "சவுண்டு செட்காரன் லேப்டாப்ல ஏத்தியாச்சு பாப்பா, நேத்தே வாசல்ல போட்டுப் பாத்தாங்க, முப்பது செகண்டுலயே பொம்பளைங்க ஆட ஆரம்பிச்சிட்டாங்க, விடு"ன்னுட்டாரு. முப்பது செகண்டு. இன்னும் அம்பது செகண்டு போட்டிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும். பெஸ்கி அண்ணனுக்குப் போட்டேன். அதுங்க பழக்கத்தப் பத்தி அப்பத்தான் சொன்னாரு. அப்புறம், "ஃபோன ஆஃப் பண்ணிட்டு உங்க சித்தி ஊருக்குப் போயிரு. நான் ஸ்டுடியோவ பூட்டறேன்"னாரு. அப்ப லெனின்னு கேட்டேன். "நமக்கு எதுவும் தெரியாது"ன்னாரு. தெரியாதுன்னு எனக்கு எப்படிச் சொல்றது? தெரியுதே.

ஸ்டுடியோவுக்கு ஓடினேன். நசுக்குன காப்பிய மொத்தமா எடுத்துட்டு, அந்த சிம்பலையும் வெட்டி எறிஞ்சிட்டு, புதுசா ஒண்ணு இந்த பென் ட்ரைவ்ல போட்டு எடுத்துட்டு வர்றேன். சவுண்டு செட்காரர்கிட்ட, இதான் ஃபைனல்னு குடுக்கணும். அவரு ஏன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் வயிறு. பொய் சொல்லணுமே. அவங்க கண்டுபிடிச்சா நான்தான் வேணும்னே தூது வெச்சு ஒட்டுனேன்னு நெனைப்பாங்க. கெணறு இன்னும் அங்கதான இருக்கும்.

எத்தன மணிக்குப் பாட்டுன்னா கேக்கறீங்க? பதினொன்றரைக்குன்னு மேஸ்திரி சொன்னாரு. ஏங்க்கா?

கேட் தொறந்துட்டான். அப்பாடா.

அதுங்க எங்க போவாங்கன்னா கேக்கறீங்க? எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்நேரம் உங்ககிட்ட சொல்லிருப்பேன், என் வாயப் பாத்தீங்கள்ல. அந்த மட்டுக்கும் லெனின் கெட்டிக்காரன், என்கிட்ட எதையும் சொல்லல.

என்னக்கா, உங்களுக்கும் வாந்தி வருதா? மூஞ்சி வெளுத்துருச்சு.

இந்தா, இதான் என் ஸ்டாப். ஊத்துக்கல்பட்டி வெலக்கு. வரட்டுமாக்கா. நான் சொன்னத மறந்துருங்க.

நீங்களும் இங்கதான் எறங்கறீங்களா?

சரி. பை கனமா இருக்கு, ஒரு பக்கம் நான் புடிக்கறேன். எந்தப் பக்கம் போகணும் நீங்க? மண்டபம் இந்தப் பக்கம்னு நெனைக்கறேன். அதோ ஃபிளெக்ஸ் வெச்சிருக்காங்க பாருங்க, ரெண்டு தென்னமரம் உயரத்துக்கு. கூலிங் கிளாஸ் போட்டு, செல்ஃபோன காதுல வெச்சிட்டு. அவருதான் சேம்பர்காரர். வீரமலை. பேரு அங்கயே போட்டிருக்கு, நான் சொல்லல. கீழ வட்ட வட்டமா சொந்தக்காரங்க தல. மகன், மருமக, சம்பந்தி, தங்கச்சி...

அக்கா.

அந்த நாலாவது வட்டம்.

ஜிமிக்கிகூட அதேதான். "அன்புத் தங்கை ம. தனபாக்கியம்".

அக்கா, நான் சொன்னதெல்லாம் சும்மா. கதை. எனக்கு பஸ்ல ஏறுனா இப்படித்தான், யாராச்சும் கெடச்சா அளந்து விடுவேன். லெனின்னு யாரும் கெடையாது. ஸ்டுடியோவே கெடையாது. நான் கீழ டயர் கடைல பில் போடறவ. கம்ப்ரஷனாவது ஒண்ணாவது, டயருக்குக் காத்தடிக்கற கம்ப்ரசர் சத்தத்த கேட்டுக் கேட்டு மூளை கொழம்பிருச்சு. உங்கண்ணன் நல்ல மனுசன். பாட்டு ரொம்ப நல்லாருக்கு. நான் இந்தப் பக்கம் எங்க சித்தி வீட்டுக்கு வந்தேன். கைய விடுங்க. வலிக்குது. கைய விடுங்கக்கா, நான் போறேன், நான் எதுவும் சொல்லல, நீங்க எதுவும் கேக்கல.

என்னது?

சுகந்தியா? அது யாரு?

கெணத்துல.

அந்தத் தங்கச்சி மக. ஒரே தங்கச்சின்னாரு.

உங்க பொண்ணு.

நான் உங்ககிட்டயே சொல்லிருக்கேன். டீய உறிஞ்சுனாருன்னு சொன்னேன். அந்த வரிய ரெண்டு டிபி ஏத்துனேன்னு சொன்னேன். தூசியான்னு கேட்டேன். மன்னிச்சிருங்கன்னு சொல்லலாம், ஆனா அது பத்தாதுல்ல.

ஆனா எனக்கு ஒண்ணு புரியல, கோவப்படாதீங்க. அவரு வீட்டு விசேஷத்துக்கு எப்படிக்கா பட்டு கட்டிட்டு வர்றீங்க? தேங்கா பழத்தோட? நீங்க எந்தப் பக்கம்? தெரியாம நான் எப்படி இந்த பென் ட்ரைவ உங்க கைல குடுக்கறது?

மூணு வருஷமா வரலையா.

மோனிதான் கூப்பிட்டாளா? ஒரே ஒரு தடவ வாங்க அத்தை, உங்களப் பாக்கணும்னு ஃபோன்ல அழுதாளா? எதுக்குன்னு நீங்க கேக்கலையா? இப்பத் தெரியுதுல்ல எதுக்குன்னு.

சரி. சரிக்கா. இந்தாங்க, புடிங்க. நீங்க தங்கச்சி, உங்கள யாரும் தடுக்க மாட்டாங்க. சவுண்டு செட்காரர்கிட்ட குடுத்து...

இருங்க.

கேக்குதா?

நாதஸ்வரம். போட்டுட்டாங்க. பதினொன்றரைன்னு சொன்னாரே மேஸ்திரி, இன்னும் கால் மணி நேரம் இருக்கு. நாதஸ்வரம் இருபது செகண்டு. அப்புறம் ட்ரம்ஸ். மண்டபத்துக்கு ஓடுனாலும் ரெண்டு நிமிஷம் ஆகும். முடியாதுக்கா. கூட்டத்துக்குள்ள புகுந்து, மேடை வரைக்கும், முடியவே முடியாது.

எங்க ஓடறீங்க? அது மண்டபம் இல்ல, அது... ஃபிளெக்ஸுக்குப் பின்னாடி...

ஜெனரேட்டர் வண்டி.

வர்றேன். வர்றேன். செருப்பு அறுந்துருச்சு, பரவால்ல. ஆபரேட்டர் இல்ல, வெடி பாக்கப் போயிட்டான் போல. ட்ரம்ஸ் வந்துருச்சு. என் ட்ரம்ஸ்தான், இந்தத் தகரம் கூட ஆடுது பாருங்க. இருபத்தஞ்சு. முப்பது. எது ஸ்விட்ச்சு? வயரு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள போகுது. அதைத் தொறங்க. பூட்டல, கொக்கிதான். அந்த செவப்புப் புடி. அதான் மெயினு. நாப்பது. மோனி குரலு வருது. "எங்க ராசா வாராரு." அவ இந்நேரம் எந்திரிச்சிருப்பா. பின்வாசலுக்கு நடந்துட்டு இருப்பா. எனக்குக் கை வர மாட்டேங்குதுக்கா. தூக்கறேன், வர மாட்டேங்குது. நீங்க இழுங்க. அந்த வரி வருது, மானத்துக்கு ஒண்ணுன்னா, காத மூடிக்கோங்க, கேக்காதீங்க. அறுபது. அறுபத்தஞ்சு. கீழ இழுங்க, ரெண்டு கையாலயும். அக்கா, இழுங்க.

.

நின்னுருச்சு.

பாட்டு, ஜெனரேட்டர் எஞ்சினு, எல்லாம் நின்னுருச்சு.

கைய எடுக்காதீங்க. அப்படியே புடிச்சிட்டு நில்லுங்க.

ஒரு கொழந்த அழுவுது. பந்தில எலை போடற சத்தம். யாரோ, "என்னப்பா ஆச்சு"ன்றாங்க. காக்கா. உங்க வளையலு கிலுகிலுங்குது.

இல்ல, பேசாதீங்க. கேளுங்க. மண்டபத்துக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தள்ளி.

பைக்கு.

ஒரு தடவ ஒதைக்கறான். வரல. மறுபடியும். ஸ்டார்ட் ஆயிருச்சு. போகுது. ரெண்டு பேரு கனத்தோட மேட்டுல ஏறுது, கியர் மாத்தறான். போகுதுக்கா, கேக்குதா? உங்களுக்கு அவ்வளவு தூரம் கேக்காது. எனக்குக் கேக்குது. இன்னும் கேக்குது.

இப்ப இல்ல.

ரெண்டு பேரு வர்றாங்க. வெள்ளச் சட்ட. இந்தப் பக்கந்தான் வர்றாங்க. பெட்டிய மூடுங்க. கண்ணத் தொடச்சுக்கோங்க. பென் ட்ரைவ என்கிட்டயே குடுங்க, திரும்பப் போடச் சொல்லும்போது இதைத்தான் போடணும். பொக வந்துச்சு, கருகுன வாடை அடிச்சுது, பயந்து போயி நாங்கதான் ஆஃப் பண்ணோம்னு சொல்லப் போறேன். வரும். எனக்கு இன்னிக்குப் பொய் வரும்.

நீங்க பேசாதீங்கக்கா. நான் பேசறேன்.

மெதுவாப் பேசறேன்.